பனிவண்டிக்கு ஒரகடத்து ஷாக்

ஷாக் அப்சார்பர் செய்கிற தொழிலில் பாராட்டு என்று ஒன்று கிடையவே கிடையாது. அது ஒழுங்காக வேலை செய்தால், வண்டியில் அப்படி ஒரு சாமான் இருப்பதே ஓட்டுகிறவருக்குத் தெரியாது. வேலை செய்யாவிட்டால் முதலில் அவருடைய இடுப்புக்குத் தெரியும், அடுத்து எனக்குத் தெரியும். ஒரகடத்தில் எங்கள் கம்பெனியில், வெளிநாட்டுக் கஸ்டமர்களின் புகாருக்குப் பதில் சொல்லும் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் நான்தான். என் பெயர் எஸ்தர். பொருளைச் செய்பவர் ஒருவர், பெட்டியில் போட்டு அனுப்புபவர் ஒருவர், மன்னிப்புக் கேட்பவள் மட்டும் எப்போதும் நான். வங்கியிலோ மின்சார ஆபீசிலோ மொபைல் கடையிலோ, அடுத்தவர் தப்புக்கு "சாரி சார்" சொல்லிச் சம்பளம் வாங்கும் எல்லாருமே எனக்குச் சொந்தக்காரர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு இந்த வலி புரியாது.

சக்கரம் இல்லாத வண்டி

ஸ்வீடனிலிருந்து ஒரு பனிவண்டிக் கம்பெனி எங்களிடம் ஷாக் கேட்டது. பனிவண்டி என்றால் பனிக்கு மேலே ஓடுகிற ஒரு ஸ்கூட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் சக்கரத்துக்குப் பதில் இரண்டு சறுக்குக் கட்டைகள், பின்னால் புல்டோசருக்கு இருப்பது போல ஒரு பெல்ட். அதற்கான ஷாக்கின் தலையில் ஒரு குமிழ் இருக்கும். உற்பத்தி லைனில் எல்லாரும் அதை 'நாப்' என்பார்கள். ஓட்டுகிறவர் அந்த நாப்பைத் திருப்பி, புதுப் பனிக்கு மெத்தென்றும் மேடுபள்ளத்துக்கு விறைப்பாகவும் தன் வசதிக்கு வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு திருப்புக்கும் 'க்ளிக்' என்று விரலில் ஒரு சின்ன உதை தெரிய வேண்டும். அந்த உதையில்தான் எங்கள் பிழைப்பே இருந்தது.

புரொடக்‌ஷன் மேனேஜர் கோதண்டம் சார் லைன் ஆட்களைக் கூட்டிவைத்து விஷயத்தைச் சொன்னார். இது ஒரு குளிர்காலத்துக்கு மட்டும் சோதனை ஆர்டர். நம் ஷாக் அந்தக் குளிரைத் தாண்டிவிட்டால் ஆர்டர் நிலைக்கும், லைனில் இருக்கும் கான்ட்ராக்ட் ஆட்களைப் பர்மனன்ட் ஆக்கலாம் என்று ஹெட் ஆபீஸ் ஒப்புக்கொண்டிருக்கிறது. தாண்டாவிட்டால் லைனைக் கழற்றி மூட்டை கட்ட வேண்டியதுதான். அதைக் கேட்டு எல்லாரும் கஸ்தூரியைத்தான் திரும்பிப் பார்த்தார்கள். லைன் லீடர் அவள், வல்லக்கோட்டைக்காரி, என் வயதுதான். வருஷா வருஷம் 'பிரேக்' கொடுத்து மறுபடி புது ஆளாகச் சேர்க்கப்படுகிறவள். ஏற்கெனவே வேறொரு லைனில் பர்மனன்ட் அவளுக்குக் கைக்கு எட்டி வாய்க்கு எட்டாமல் போயிருந்தது. அவள் ஆசைப்படுவதாகக் காட்டிக்கொள்ளவில்லை. டிராயிங்கை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"இன்னா சார் இது, சக்கரமே இல்லாத வண்டிக்கு ஷாக்கு கேக்குறாங்க. நம்ம ரோட்டுல ஓடுற ஷேர் ஆட்டோவுக்குச் சக்கரம் கீது, ஷாக்குதான் இல்ல. அவங்கல்லாம் குடுத்து வெச்சவங்க!"

கீப்பர் கையுறை

கஸ்டமர் தரப்பில் எங்களோடு பேசுகிறவர் லார்ஸ் என்ற இன்ஜினீயர். அவர் அனுப்பிய நிபந்தனைகளில் ஒன்று, தடித்த கையுறை போட்ட கையால் நாப்பைத் திருப்ப முடிய வேண்டும் என்பது. பங்குனி வெயிலில் ஒரகடத்தில் தடித்த கையுறைக்கு எங்கே போவது? பர்ச்சேஸ் ஆபீசில் கேட்டால் ஆஸ்பத்திரியில் போடுகிற ரப்பர் உறை ஒரு பெட்டி அனுப்பினார்கள். அடுத்து வெல்டிங் ஆட்களின் தோல் உறையை இரவல் வாங்கினோம். "இதற்குள் பஞ்சு இல்லையே" என்றார் லார்ஸ்.

கடைசியில் கை கொடுத்தது டெஸ்டிங்கில் இருக்கும் இசக்கி. அம்பாசமுத்திரத்துப் பையன், படப்பையில் நாலைந்து நண்பர்களோடு அறை எடுத்துத் தங்கியிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை கார்க் பந்து மேட்சில் அவன்தான் விக்கெட் கீப்பர். "ஏன் மேடம் கெடந்து அலையுதீங்க, எங்கிட்ட இருக்கே" என்று மறுநாள் கீப்பர் கையுறையோடு வந்து நின்றான். அதை மாட்டிக்கொண்டு திருப்பிப் பார்த்தால் நாப் வழுக்கியது. நாப்பின் பள்ளங்களை ஆழமாக வெட்டி, மறுபடி பார்த்து, மறுபடி வெட்டி, ஒருவழியாக க்ளிக் விழுந்தது. வீடியோ காலில் இசக்கி பிள்ளையார் பிடிப்பது போல ஷாக்கை இரண்டு கையாலும் ஏந்தித் திருப்பிக் காட்டினான், வியர்வை கையுறைக்குள்ளிருந்து முழங்கை வரை வழிந்தது. லார்ஸ் கேமராவுக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இவ்வளவு பெரிய கையுறை எங்கள் நாட்டிலேயே கிடையாது. இதைப் போட்டுக்கொண்டு திருப்ப முடிந்தால், எங்கள் ஊர்க் கரடியே வந்து திருப்பிக்கொள்ளும்."

ஏரிக்குள் கோதண்டம் சார்

நாப் எதற்கு என்பதை லைன் ஆட்களுக்குக் கண்ணால் காட்ட வேண்டும் என்று கோதண்டம் சாருக்கு ஆசை. பனிவண்டிக்கு எங்கே போவது? நாங்கள் ஷாக் போடுகிற இன்னொரு வண்டி, மண்ணிலும் சேற்றிலும் ஓடுகிற நாலு சக்கர வண்டி, டெஸ்டிங்கில் ஒன்று நின்றது. அதை டெம்போவில் ஏற்றிக்கொண்டு சேரப்பணஞ்சேரிப் பக்கம் காய்ந்து கிடந்த ஏரிக்குப் போனோம். இசக்கி முதலில் ஓட்டினான். ஐம்பது கிலோ தேறாத உடம்பு. தன் எடைக்கு ஏற்ப நாப்பை மெத்தென்று வைத்துக்கொண்டு, மாட்டுக் குளம்புப் பள்ளங்களில் மிதந்து போய்த் திரும்பி வந்தான். லைன் பெண்கள் கைதட்டினார்கள்.

கைதட்டல்தான் வினை. கோதண்டம் சார் பேன்டை மடித்துவிட்டுக்கொண்டு ஏறிவிட்டார். அவர் உடம்பில் இரண்டு இசக்கிகள் தாராளமாக இருப்பார்கள். "சார், நாப்பு, நாப்பு" என்று இசக்கி பின்னாலேயே ஓடியது அவர் காதில் விழவில்லை. முதல் பள்ளத்திலேயே ஷாக் அடிவரை போய் 'டங்' என்றது. இரண்டாவது பள்ளத்தில் அவரே 'டங்' என்றார். இறங்கி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, ஒன்றுமே நடக்காதது போல நடந்து வந்தார். சிரிக்கக் கூடாது என்று எல்லாரும் ஏரிக்கரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவுக்கு அந்தக் கட்டுப்பாடு எதுவும் இல்லை:

"அந்த ஒல்லிப் புள்ள போறப்போ பஞ்சு மேரி போச்சு. இந்த அய்யா ஏறினா அம்மி உருள்ற சத்தம் வருது. இன்னா வண்டிப்பா இது, ஆளப் பாத்துத்தான் மரியாதை குடுக்குமா?"

குங்குமக் கோளாறு

சித்திரையில் ஆரம்பித்துக் கத்திரி முழுக்க ஓடி, ஆனி பிறக்கும்போது முதல் சரக்கு தயார். லாரி கிளம்புமுன் பூசணிக்காய் உடைத்து, முதல் பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். அது எல்லாக் கம்பெனியிலும் நடப்பதுதான். கஸ்தூரி ஆர்வக் கோளாறில் அட்டைப் பெட்டியைத் திறந்து உள்ளே இருந்த ஷாக்குகளின் நாப் தலையிலும் ஆளுக்கொரு பொட்டு வைத்துவிட்டாள்.

கப்பல் போய்ச் சேர்ந்ததும் எனக்கு முதல் புகார் வந்தது. நாப்பின் மேல் சிவப்புப் பொடி, துரு என்று சந்தேகம், ஆய்வகத்துக்கு அனுப்பியிருக்கிறோம். எங்கள் தொழிலில் புகாருக்குப் பதில் எழுத ஒரு சம்பிரதாயம் உண்டு. 'ஏன்' என்று ஐந்து தடவை கேட்டு அடி ஆழத்துக்குப் போக வேண்டும். ஏன் சிவப்பு? குங்குமம். ஏன் குங்குமம்? முதல் பெட்டி. முதல் பெட்டிக்கு ஏன்? சரக்கு பத்திரமாகப் போய்ச் சேர. குங்குமம் வைத்தால் ஏன் பத்திரமாகப் போகும்? ஐந்தாவது ஏனுக்குள் கடவுளே வந்துவிட்டார், அவரிடம் போய்த் திருத்த நடவடிக்கை என்ன என்று கேட்க முடியாது. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற நான், குங்குமத்தின் மகிமையை ஸ்வீடன்காரருக்கு ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினேன். ஒரே வரியில் பதில் வந்தது:

"விளக்கம் ஏற்கப்பட்டது, ஆனால் முதல் பெட்டிக்கு மட்டும் வைத்திருக்கிறீர்களே, மற்ற பெட்டிகள் பத்திரமாக வர வேண்டாமா?"

திரும்பாத நாப்

பொங்கல் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று லார்ஸ் ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். வெள்ளைக் காடு. தாடியெல்லாம் உறைபனி ஒட்டிய ஒரு மனிதர் வண்டிப் பக்கத்தில் முட்டி போட்டு நாப்பைத் திருப்புகிறார். திரும்பவில்லை. கையுறையைக் கழற்றிவிட்டு வெறும் விரலால் முயல்கிறார். அசையவில்லை. க்ளிக் இல்லை, ஒன்றும் இல்லை. எல்லா ஷாக்கும் இப்படி இல்லை, கணிசமானவை இப்படி என்று லார்ஸ் எழுதியிருந்தார். கத்துகிற கஸ்டமர்களை எனக்குச் சமாளிக்கத் தெரியும். அவர் கத்தவில்லை. இந்தக் குளிர்காலச் சோதனை முடிவதற்குள் காரணம் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் வருத்தத்தோடு வேறு இடம் பார்ப்போம் என்று மட்டும் சொல்லியிருந்தார்.

லைனில் போய்ச் சொன்னேன். டீ நேரத்தில் கஸ்தூரி என்னைத் தேடி வந்தாள். தீபாவளிக்கு முன்பே அவள் வீட்டில், 'இந்தத் தடவை பர்மனன்ட் ஆகிடும்' என்று சொல்லிவிட்டாளாம். கணவர் சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டாராம். டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"மேடம், வூட்ல நான் இன்னும் இத சொல்லல. நீங்களும் யாராண்டையும் சொல்லாதீங்க. எனக்கே இன்னும் யாரும் சொல்லல மேரி நெனச்சிக்கினு போறேன்."

"எதுவும் மாறலை மேடம்"

சொந்தங்களே, நம் தொழிலில் அதிகம் சொல்லப்படும் பொய் எது தெரியுமா? 'எதுவும் மாறவில்லை.' ஸ்டோரில் கேட்டேன், எதுவும் மாறலை மேடம். மெஷின் ஷாப்பில் கேட்டேன், எதுவும் மாறலை மேடம். மெயின்டனன்ஸில் கேட்கும் முன்பே சொன்னார்கள், எதுவும் மாறலை மேடம். எதுவுமே மாறாத இந்த உலகத்தில் நாப் மட்டும் தன் இஷ்டத்துக்கு இறுகிக்கொண்டது போலும்.

இசக்கி யாரையும் கேட்டு அலையவில்லை, வேலை பார்த்தான். எங்களிடம் கோல்டு சேம்பர் என்று ஒரு குளிர்ப் பெட்டி உண்டு. ஆளுயர பீரோ மாதிரி இருக்கும், உள்ளே ஸ்வீடனைவிட மோசமான குளிரை வைக்கலாம். அன்றைக்குச் செய்த புது ஷாக்குகளை அதில் வைத்தான். ஒவ்வொன்றும் க்ளிக் க்ளிக்கென்று திரும்பியது. ஒவ்வொரு சரக்கிலும் சிலவற்றை நாங்கள் அனுப்பாமல் எடுத்து வைப்போம். அப்படிக் கத்திரி வெயிலில் செய்து எடுத்து வைத்தவற்றை அடுத்து உள்ளே வைத்தான். கல்லு. ஒன்றுகூட அசையவில்லை. வெயிலில் செய்த ஷாக் குளிரில் இறுகுகிறது, தையில் செய்தது இறுகவில்லை. இது என்ன விதி என்று தலையைப் பிய்த்துக்கொண்டோம்.

ஒன்றைக் கழற்றினோம். நாப்புக்கு அடியில் ஒரு சிட்டிகை கிரீஸ் தடவுவார்கள், அதில்தான் க்ளிக் கொடுக்கும் சின்ன ஸ்பிரிங் உட்காரும். நல்ல கிரீஸ் தேன் நிறத்தில் இருக்கும். இது வெள்ளை வெளேரென்று இருந்தது. தண்ணீர் கலந்திருக்கிறது. அந்தத் தண்ணீர்தான் குளிரில் ஐஸாகி நாப்பைப் பிடித்துக்கொள்கிறது. காரணம் பாதி கிடைத்துவிட்டது, ஆனால் தண்ணீர் குழாயே இல்லாத லைனில் தண்ணீர் எங்கிருந்து வந்தது? இசக்கி விரலில் தொட்டுப் பார்த்துச் சொன்னான்:

"மேடம், இது கிரீஸு இல்ல, நீர்மோரு. வெயிலு தாங்காம ஷாக்குக்கு யாரோ தாகசாந்தி பண்ணிருக்காங்க."

கஸ்தூரி சொன்னது

மறுநாள் காலை ஷிஃப்ட் தொடங்குமுன் கஸ்தூரி என் மேசைக்கு வந்து உட்காரச் சொல்லாமலே உட்கார்ந்தாள். சொல்லலாமா வேண்டாமா என்ற தடுமாற்றம் முகத்தில் தெரிந்தது. பிறகு சொன்னாள். போன கத்திரியில் தகரக் கூரைக்குக் கீழே அனல் தாங்காமல் லைனில் ஒரு பெண் மயங்கி விழுந்தாள். ஏசி கேட்டுக் கோதண்டம் சார் ஹெட் ஆபீசுக்கு எழுதினார். 'உற்பத்திக்குத் தேவை இல்லை' என்று பதில் வந்தது. மனுஷன் பேசாமல் தன் வீட்டு ஏர்கூலரைக் காரில் போட்டுக்கொண்டு வந்து, கிரீஸ் தடவும் இடத்தில் வைத்தார். தண்ணீர் ஊற்றினால் ஜில்லென்று காற்று வீசுகிற பெரிய கூலர்.

அந்த வெயிலில் கிரீஸும் மனுஷர்களைப் போலத்தான், இளகி எண்ணெயாக ஓடும், ஸ்பிரிங்கில் நிற்காது. அதனால் பெண்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கிரீஸ் டப்பாவின் மூடியைத் திறந்து கூலருக்கு முன்னால் வைத்துவிட்டால் கெட்டியாகிவிடும். பிரமாதமாக வேலை நடந்தது. கூலர் காற்றோடு பொடிப் பொடியாகத் தண்ணீரையும் தெளிக்கும் என்பது கழுத்து நனைந்த எல்லாருக்கும் தெரியும், கிரீஸும் நனையுமே என்று யாருக்கும் தோன்றவில்லை. மழைக்காலம் வந்ததும் கூலர் சார் வீட்டுக்குத் திரும்பிப் போய்விட்டது. அதனால்தான் நாங்கள் தேடியபோது, எதுவும் மாறாதது போல லைன் அப்பாவியாக நின்றது. இசக்கி சொன்ன நீர்மோர்க் கதை காதில் விழுந்த கணத்திலேயே கஸ்தூரிக்குப் புரிந்துவிட்டதாம். இரவெல்லாம் தூங்கவில்லை என்றாள். சொன்னால் அடுத்த கத்திரிக்குக் கூலர் கிடையாது, பழியும் லைன் தலையில் விழும். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

"சொல்லிட்டேன் மேடம். இனிமே கூலர வெக்க மாட்டாங்க, தெரியும். லைனே இல்லாம போய்ட்டா, காத்து வாங்கிக்கினு இன்னா பண்றது?"

கூலர் சாட்சிக்கு வந்தது

எங்கள் தொழிலில் வாய்ச்சொல் செல்லாது, செய்து காட்ட வேண்டும். கோதண்டம் சார் தன் வீட்டிலிருந்து கூலரை மறுபடி காரில் ஏற்றி வந்தார். தை மாசத்தில் கூலரோடு கேட்டுக்குள் நுழைந்தவரை செக்யூரிட்டி ஏற இறங்கப் பார்த்தாராம். புது கிரீஸ் டப்பாவைத் திறந்து அதன் முன்னால் வைத்தோம். நாள் முழுக்கக் காற்று பட்டதும் வெளுத்துப் போனது. அதைத் தடவிய நாப் கோல்டு சேம்பரில் கல்லாக இறுகியது. இசக்கி குதித்தான், நானும் குதித்தேன். காரணம் கிடைத்துவிட்டது!

கோதண்டம் சார் மட்டும் கூலரின் மேல் கை வைத்துக்கொண்டு நின்றார். அவருக்குச் சந்தோஷப்படுவதா துக்கப்படுவதா என்று தெரியவில்லை. கோபக்காரர்தான், ஆனால் அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"ஏம்மா எஸ்தர், இந்தக் கம்பெனில நானா யோசிச்சு செஞ்ச ஒரே நல்ல காரியம் இது. இதுக்குப் போய் ஃபெயிலியர் ரிப்போர்ட் எழுதப் போறியேம்மா!"

ஐந்தாவது ஏன்

எழுதத்தான் வேண்டும். அதற்குள் ஹெட் ஆபீசிலிருந்து போன். 'கூலர் கீலர் என்று உளறாதீர்கள், கிரீஸ் சப்ளையரின் தரக்குறைவு என்று போட்டு முடியுங்கள்.' எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. யாரோ ஒருவர் தப்புக்கு நான் மன்னிப்புக் கேட்பது என் தலையெழுத்து. தப்பே செய்யாத கிரீஸ்காரரை வேறு இழுத்துவிட வேண்டுமா? கோதண்டம் சாரைப் பார்த்தேன். "உள்ளதை எழுதும்மா" என்றார். எழுதினேன். நாப் ஏன் இறுகியது? உள்ளே ஐஸ். ஏன் ஐஸ்? கிரீஸில் தண்ணீர். ஏன் தண்ணீர்? கூலர். ஏன் கூலர்? லைனில் ஒரு பெண் மயங்கி விழுந்தாள். ஏன் மயங்கினாள்? அந்த இடத்தில் ஏசி இல்லை. அடுத்து, திருத்த நடவடிக்கை. 'கூலரை அகற்றினோம்' என்று இரண்டே வார்த்தை எழுதினால் போதும், எந்தக் கஸ்டமரும் ஏற்றுக்கொள்வார். என் கை ஓடவில்லை. அந்த இடத்தைக் காலியாகவே விட்டு அனுப்பினேன்.

வீடியோ காலில் லார்ஸோடு ஹெட் ஆபீஸ் பெரியவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். கதவோரம் கஸ்தூரியும் இசக்கியும் நின்றார்கள். லார்ஸ் ஐந்து ஏனையும் நிதானமாகப் படித்தார். இதைவிட நேர்மையான பதிலை எந்த சப்ளையரிடமிருந்தும் வாங்கியதில்லை என்றார். பிறகு கேட்டார், "கடைசி இடம் ஏன் காலி?" "கூலரை எடுத்தால் உங்கள் நாப் திரும்பும், எங்கள் ஆட்கள் விழுவார்கள். இரண்டுக்கும் சேர்த்து ஒரு பதில் எங்களிடம் இல்லை" என்றேன். ஹெட் ஆபீஸ் பெரியவர் இருமினார். ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்க, லார்ஸ் டிராயிங்கைக் கையில் எடுத்தார்.

"உங்கள் ஆட்களைப் பற்றிப் பேச எனக்கு அதிகாரம் இல்லை. கிரீஸைப் பற்றிப் பேச இருக்கிறது. அது இருக்கும் அறையில் சூடும் ஈரமும் எவ்வளவு இருக்கலாம் என்று டிராயிங்கில் எழுதி அனுப்புகிறேன். ஏசி இல்லாமல் அது முடியுமா என்று உங்கள் ஹெட் ஆபீஸ் முடிவு செய்யட்டும்."

கண்ணாடி அறை

மயங்கி விழுந்த பெண்ணுக்காக அசையாத ஃபைல், மயங்கி விழுந்த கிரீஸுக்காகப் பறந்தது. கிரீஸ் தடவும் இடத்தைச் சுற்றிக் கண்ணாடி எழும்பியது, ஏசி வந்தது, ஈரம் காட்டும் மீட்டர் வந்தது. நடுவில், குளிர் முடிவதற்குள், புது கிரீஸோடு செய்த ஷாக்குகளை விமானத்தில் அனுப்பினோம். அதே தாடிக்காரர் அதே காட்டில் முட்டி போட்டுத் திருப்பினார். வீடியோவில் க்ளிக் சத்தம் கேட்டபோது லைனே விசிலடித்தது. நான் அழுதேன் என்று இசக்கி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறான். உண்மைதான், அழுதேன்.

ஆர்டர் நிலைத்தது. பர்மனன்ட் ஆனவர்களில் கஸ்தூரி பெயர் இருந்தது. எல்லாருக்கும் உடனே கிடைத்துவிடவில்லை, மீதிப் பேருக்கு அடுத்த சுற்றில் என்று கோதண்டம் சார் வாக்குக் கொடுத்து, அதற்காக ஹெட் ஆபீசோடு தினமும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார். சேதி தெரிந்த அன்று கஸ்தூரி வீட்டுக்குப் போன் செய்து, "ஆமா, ஆமா" என்பதைத் தவிர எதுவும் பேச முடியாமல் நின்றதை நான் பார்த்தேன்.

இந்தக் கத்திரியில் வெளியே தார் ரோடு இளகுகிறது. மற்ற லைன் ஆட்கள் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு கண்ணாடி அறைப் பக்கம் வந்து போகிறார்கள். நேற்று நான் உள்ளே போனபோது, கஸ்தூரி குளிருக்கு முந்தானையைப் போர்த்திக்கொண்டு கிரீஸ் தடவிக்கொண்டிருந்தாள். "என்னம்மா, ராஜ வாழ்க்கைதான்" என்று சீண்டினேன். தலையை நிமிர்த்தாமல் மேசை மேல் இருந்த கிரீஸ் டப்பாவைக் காட்டினாள்.

"ஏசி எங்களுக்கு இல்ல மேடம், இவருக்கு. நாங்க சும்மா தொணைக்கு ஒக்காந்துகினு கீறோம்."

ஆகவே, என் சொந்தங்களே, மேலிடத்திலிருந்து உங்களுக்கு ஏதாவது வேண்டுமென்றால் உங்களுக்கென்று கேட்காதீர்கள், பக்கத்தில் இருக்கும் டப்பாவுக்கென்று கேளுங்கள்.